மயங்கிய உலகங்கள்: சுவைஞர் ஆக்கும் காட்டூன் கலப்புப் படங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு கதையுலகிலே பிறந்து வளர்ந்த பாத்திரம் வேறொரு கதையுலகினுட் புகுந்து, ஆங்குள்ள பாத்திரத்தோடு உறவாடுவதாகக் காட்டும் சிறு படங்கள் இன்று இணையத்திலே மலிந்து கிடக்கின்றன. இவற்றை ஆக்குவோர் தொழில்முறைக் கலைஞர் அல்லர். படமனைகளில் ஊதியம் பெறுவோரும் அல்லர். தாம் பார்த்து மகிழ்ந்த காட்டூன் படங்களின்மீது கொண்ட விருப்பினாலே, அப்படங்களின் துண்டுகளை வெட்டியும் ஒட்டியும், சிலவிடத்துப் புதிதாக வரைந்தும், வீட்டுக் கணினியின் துணையோடு இவற்றை ஆக்குகின்றனர். ஒரு படமனையின் இளவரசி மற்றொரு படமனையின் வீரனைச் சந்திக்கின்றாள். விளையாட்டுக் கருவியிற் பிறந்த குள்ளன் யப்பானியத் தொடர்ப்படத்தின் போர்வீரனைப் போலப் பொருதுகின்றான். இத்தகைய ஆக்கங்களைக் 'கலப்புப் படங்கள்' என்னும் பெயரால் இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம்.

இவை பற்றிக் கற்றோரிடையே நிலவும் கருத்து இருவகைப்படும். சிறுபிள்ளை விளையாட்டை ஆராய்தல் வீண் என்பர் ஒரு சாரார். பழைய கலைமுறைகளின் கட்டுக்களை உடைத்து மக்கள் தாமே ஆக்கும் புதிய கலை இதுவென்று போற்றுவர் மற்றொரு சாரார். முன்னையோர் பாராமலே வெறுக்கின்றனர். பின்னையோர் தரம்பிரியாமலே புகழ்கின்றனர். இரண்டும் திறனாய்வு ஆகா. ஒரு கலைவகையிலே நல்லதும் தீயதும் உண்டென்பதை ஏற்று, எதனால் ஒன்று நன்றாயிற்று, எதனால் மற்றொன்று பழுதுற்றது என்று காரணங் காண்பதே திறனாய்வாளன் கடன். நம் கல்லூரி மாணவருட் பலர் இப்படங்களைப் பார்ப்பவர். சிலர் ஆக்கவும் முயல்பவர். ஆதலின் இவ்வாராய்ச்சி அவர்க்குப் பயன்படாதொழியாது.

உலகங்களைக் கலத்தல் புதிய வழக்கமன்று. மகாபாரதத்து வனபருவத்திலே, திரௌபதி விரும்பிய சௌகந்திக மலரைத் தேடிச் செல்லும் வீமன், வழியிற் குறுக்கே கிடந்த முதிய குரங்கொன்றைக் காண்கின்றான். அதன் வாலைத் தூக்கி அப்பால் வைக்க முயன்று தோற்கின்றான். அக்குரங்கே இராமகாதையின் அநுமன். தன்னைப்போல வாயுவுக்குப் பிறந்த தமையன். இரு பெருங்காப்பியங்களின் பாத்திரங்கள் ஓரிடத்திலே கூடும் இக்காட்சி இத்தனை காலமாக நெஞ்சங்கவர்ந்து நிற்பதற்குக் காரணம் யாது? இருவரும் வலியர் என்பது மாத்திரமன்று. வீமனுடைய வலிமையோடு கூடவே வளர்ந்த செருக்கு அங்கே உடைகின்றது. அநுமனுடைய வலிமையோடு கூடவே வளர்ந்த அடக்கம் அங்கே விளங்குகின்றது. ஒருவன் முன்னிலையில் நிற்கும்போதுதான் மற்றவனுடைய இயல்பு நமக்கு முழுதும் புலனாகின்றது. அச்சந்திப்பின் பயனும் அங்கேயே முடிந்துவிடவில்லை. அருச்சுனன் கொடியில் இருந்து முழங்குவதாக அநுமன் கொடுத்த வாக்குப் பின்வரும் போர்வரை தொடர்கின்றது.

கலப்புக்கு ஓர் எல்லையும் உண்டென்று நம் இலக்கணநூலார் உணர்ந்திருந்தனர். திணைகள் தம்முள் மயங்குதல் விலக்கப்பட்டதன்று என்று கூறும் தொல்காப்பிய அகத்திணையியல், நிலமும் நிலமும் ஒருங்கு மயங்குதல் இல்லை என்றும், உரிப்பொருள் அல்லாதன மயங்கப் பெறும் என்றும் வரையறை செய்கின்றது. இவ்விதிகளுக்கு உரையாசிரியர்கள் பலபடப் பொருள் விரித்துள்ளனர். அவ்விரிவினுட் புகாமல், ஒரு கருத்தை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். பொழுது மாறலாம், பூவும் புள்ளும் மாறலாம், ஆயின் பாட்டிற்கு உயிராய் நிற்கும் உணர்வு தன் இடத்தை இழத்தல் ஆகாது. காட்டூன் பாத்திரங்களுக்கும் அத்தகைய உரிப்பொருள் ஒன்று உண்டு. அதனைக் கெடாமற் காத்து, மற்றொரு பாத்திரத்தின் உரிப்பொருளோடு எதிர்ப்படுத்தி, இரண்டும் ஒன்றையொன்று விளக்குமாறு செய்வதே நல்ல கலப்பு என்பது இக்கட்டுரையின் துணிபு.

இத்துணிபை முதலிலே தொழில்முறைப் படங்களில் வைத்துச் சோதிப்போம். 1988ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹூ ஃபிறேம்ட் றொஜர் றபிட்' என்னும் அமெரிக்கப் படத்தை இயக்கியவர் றொபேட் செமெக்கிஸ். அதன் காட்டூன் பகுதிகளை நெறிப்படுத்தியவர் றிச்சட் வில்லியம்ஸ். டிஸ்னியின் மிக்கி மவுசும் வோனர் படமனையின் பக்ஸ் பன்னியும் முதன்முதலாக ஒரே திரைப்படத்திலே தோன்றியது இதன்கண்ணேதான். அப்படத்தின் ஒரு காட்சியிலே டிஸ்னியின் டொனால்ட் டக்கும் வோனரின் டஃபி டக்கும் எதிரெதிரே அமர்ந்து பியானோ வாசிக்கின்றன. இரண்டும் வாத்துக்கள், இரண்டும் சினங்கொள்வன, இரண்டின் பேச்சும் விளங்காத பேச்சு. ஆயின் டொனால்டின் சினம் உலகம் தன்னை வஞ்சித்துவிட்டதென்னும் எளியவனின் சினம். டஃபியின் சினம் புகழ் பிறர்க்குப் போய்விட்டதென்னும் நடிகனின் சினம். ஒத்த இரண்டைப் பக்கத்திற் பக்கத்தில் வைத்தமையால் ஒவ்வாமை தெரிகின்றது. சில கணங்களே நிகழும் அக்காட்சி ஒரு திறனாய்வுக் கட்டுரையின் வேலையைச் செய்துவிடுகின்றது.

இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டு 1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் பலவற்றில் ஒரேவேளையில் ஒளிபரப்பப்பட்ட 'காட்டூன் ஓல்-ஸ்ரார்ஸ் ரு த றெஸ்கியூ' என்னும் படம். போதைப்பொருளின் தீமையைச் சிறுவர்க்கு உணர்த்தும் நன்னோக்கத்தோடு ஆக்கப்பட்ட அதிலே பக்ஸ் பன்னி, வின்னி த பூ, கார்ஃபீல்ட், ஸ்மர்ஃப்கள் எனப் பல படமனைகளின் பாத்திரங்கள் வந்து குவிகின்றன. எல்லாம் ஒரே அறிவுரையை ஒரே குரலிலே கூறுகின்றன. கார்ஃபீல்ட் கூறுவதைப் பூ கூறினும், பூ கூறுவதைப் பக்ஸ் கூறினும் வேறுபாடு இல்லை. சோம்பலே உயிரான பூனையும், தந்திரமே உயிரான முயலும், மறதியே உயிரான கரடியும் தத்தம் உரிப்பொருளைக் கழற்றி வாயிலில் வைத்துவிட்டு உள்ளே வந்து நிற்கின்றன. பாத்திரம் பல, குரல் ஒன்று. பெரும்பொருள் செலவிட்டு ஆக்கும் படமனைகளும் இப்பிழைக்கு விலக்கல்ல என்பதை நினைவிற் கொண்டே சுவைஞர் ஆக்கங்களை அணுகுதல் வேண்டும்.

சுவைஞர் தாமே படத்துண்டுகளை இணைக்கத் தொடங்கிய வரலாறு இணையத்திற்கு முந்தியது. 1975ஆம் ஆண்டிலே கான்டி ஃபொங் என்னும் அமெரிக்கப் பெண்மணி 'ஸ்ரார் ற்றெக்' தொடரின் நிழற்படத் தகடுகளைப் பாட்டொன்றுடன் பொருத்தித் திரையிற் காட்டினார். 1982இல் அமெரிக்க மாணவர் ஒருவர் இரண்டு வீடியோப் பதிவுக் கருவிகளை இணைத்து, யப்பானிய விண்வெளிப் போர்த்தொடர் ஒன்றின் அழிவுக்காட்சிகளை, அன்பைப் போற்றும் பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டொன்றுடன் ஓடவிட்டார். போரும் அன்புப் பாட்டும் முரணி நின்றமையே அவ்வாக்கத்தின் பொருளாயிற்று. பின்னர் 2005ஆம் ஆண்டில் யூரியூப் தளம் தோன்றவே, ஒரு நண்பர் குழுவினுள் அடங்கியிருந்த இம்முயற்சி உலகமெங்கும் பரந்தது.

இவ்வரலாற்றிலே சிறப்பிடம் பெறுவது 1983ஆம் ஆண்டு ஓசாக்காவில் நடைபெற்ற யப்பானிய அறிவியற் புனைகதை மாநாட்டின் தொடக்கத்திற்காக மாணவர் சிலர் ஆக்கிய 'டைக்கொன் 4' என்னும் சிறுபடம். முயலுடை அணிந்த பெண்ணொருத்தி, யப்பானியக் காட்டூன்களும் அமெரிக்கத் திரைப்படங்களும் ஈன்ற எண்ணற்ற உருவங்களினூடே பாய்ந்து செல்கின்றாள். வாளொன்றின்மேல் நின்று வானிற் பறக்கின்றாள். 'ஸ்ரார் வோர்ஸ்' படத்தின் டார்த் வேடரும் அவளோடு பொருதுகின்றான். இங்கே பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. நம் அளவுகோலின்படி இது தோல்வியுற வேண்டிய படம். ஆயினும் தோற்கவில்லை. ஏனெனில் அக்கூட்டம் முழுவதும் ஒரே ஓட்டத்தில், ஒரே பாட்டின் தாளத்தில், ஒருத்தியின் கண்வழியே காட்டப்படுகின்றது. இறுதியிலே மலரிதழ்களாய் வெடிக்கும் பேரொளியில் நகரம் அழிந்து, மண்ணிலிருந்து மரங்கள் முளைக்கின்றன. பார்த்த கதைகளெல்லாம் உரமாகிப் புதிய உலகமொன்று பிறக்கும் என்பதே அதன் பொருள். அப்பொருள் வெறும் பேச்சாகவும் போகவில்லை. அதனை ஆக்கிய இளைஞர் சிலர் 1984இல் கைனக்ஸ் என்னும் படமனையைத் தொடங்கினர். அவருள் ஒருவராகிய ஹிடெயாக்கி அன்னோ 1995இல் 'எவாஞ்செலியன்' தொடரை இயக்கிப் பெரும்புகழ் எய்தினார்.

இன்றைய கலப்புப் படங்களைச் செய்முறை பற்றி மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, இரு படங்களின் துண்டுகளை மாறிமாறி அடுக்குவது. இரண்டாவது, ஒரு படத்தினின்றும் உருவத்தைப் பின்னணி நீக்கி வெட்டியெடுத்து மற்றொரு படத்தினுட் பதிப்பது. மூன்றாவது, உருவங்களைப் புதிதாக வரைந்தோ, விளையாட்டுக்களிலிருந்து எடுத்த சிறு உருவங்களை அசைத்தோ புதிய காட்சியை ஆக்குவது.

முதல்வகையின் அடிப்படையை 1920ஆம் ஆண்டுகளை ஒட்டி உருசிய இயக்குநர் லெவ் குலெஷோவ் எடுத்துக்காட்டினார். மாற்றமில்லாத ஒரே முகத்தை உணவுக் கலத்தோடும், சவப்பெட்டியோடும், பெண்ணொருத்தியோடும் மாறிமாறி இணைத்துக் காட்டியபோது, பார்த்தோர் அம்முகத்திலே பசியையும் துயரையும் வேட்கையையும் கண்டனர் என்பர். பொருள் துண்டில் இல்லை, இணைப்பில் உள்ளது. ஒரு பாத்திரம் வலப்புறம் நோக்குகின்றது. அடுத்த துண்டில் மற்றொரு பாத்திரம் இடப்புறம் நோக்குகின்றது. இருவரும் ஒருவரையொருவர் காண்கின்றனர் என்று மனம் தானே முடிவுசெய்கின்றது. இவ்வெளிய உண்மையின்மீதே பல கலப்புப் படங்கள் எழுந்துள்ளன.

இவ்வகையிலே நெடுங்காலம் வழங்கிவருவது வின்னி த பூ என்னும் கரடியையும் அதன் தோழரையும் வேறு முழுநீளப் படங்களினுட் செருகும் வழக்கம். கடலோடிகளின் கதையாயினும் மந்திரவாதியின் கதையாயினும், மூலப்படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே பூவும் பன்றிக்குட்டியும் புலியும் தோன்றி வியப்பர், அஞ்சுவர், சிரிப்பர். இவற்றை ஆக்குவோரின் பொறுமை பெரிது. தமக்குத் துணையாயிருந்த பாத்திரங்களைத் தாம் செல்லும் ஒவ்வொரு கதைக்கும் அழைத்துச் செல்லும் அன்பும் இகழத்தக்கதன்று. ஆயினும் இப்படங்கள் களைப்பூட்டுகின்றன. கரடி வருவதற்கு முன்பு கதை எவ்வாறு நடந்ததோ, கரடி வந்த பின்னும் அவ்வாறே நடக்கின்றது. கரடியை நீக்கினால் கதை குறையுறாது. ஒரு நிகழ்ச்சியை எடுத்துவிட்டாலும் முழுமையிற் குறை தோன்றாதாயின் அது அம்முழுமையின் உறுப்பன்று என்று அரிஸ்ரோட்டில் தம் கவிதையியலிற் கூறியது இங்கு முற்றும் பொருந்தும்.

இன்னொரு பழுதும் உண்டு. ஏ. ஏ. மில்னின் நூல் 1926இல் வெளிவந்த நாள்முதல் பூவின் இயல்பு அதன் காட்டோடு பிணைந்தது. அங்கே அவசரமில்லை, வில்லன் இல்லை, தேன்குடத்தின் அடியைக் காண்பதே பெரிய நிகழ்ச்சி. அந்த ஓய்வே பூவின் உரிப்பொருள். வாளும் நெருப்பும் நிறைந்த கதையினுட் செருகப்பட்டபோது ஓய்வும் இல்லை, அவ்வீரக்கதைக்குரிய விரைவும் இல்லை. நிலத்தோடு நிலம் மயங்குதல் ஆகாது என்றதன் உண்மையை இங்கே கண்கூடாகக் காணலாம். போரின் நடுவே கரடியின் அந்த அவசரமின்மையையே ஆயுதமாக்கி, வில்லனின் விரைவு எத்துணைப் பொருளற்றதென்று காட்டும் ஆக்கம் ஒன்று எழுமாயின், அது உண்மையான கலப்பாகும். துண்டுகள் போதா என்பதன்று தடை. அங்ஙனம் வினாவுவோர் அரியர்.

இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு எல்சா, ஜாக் ஃபிறொஸ்ற் ஆகிய இருவரையும் இணைக்கும் படங்கள். எல்சா டிஸ்னியின் 2013ஆம் ஆண்டுப் படமாகிய 'ஃபிறோசன்' கதையின் அரசி. ஜாக் ட்றீம்வேக்ஸ் படமனையின் 2012ஆம் ஆண்டுப் படமாகிய 'றைஸ் ஒவ் த கார்டியன்ஸ்' கதையின் இளைஞன். இருவர்க்கும் வெண்ணிற முடி. இருவர் கையிலும் பனி பிறக்கும். இரண்டும் கணினியால் ஆக்கப்பட்ட படங்களாதலின் தோலும் ஒளியும் ஓரளவு ஒத்திருக்கின்றன. ஆதலின் 'ஃபிறோசன்' வெளிவந்த சின்னாளிலேயே இவ்விருவரையும் காதலராக்கிய காணொளிகள் ஏராளமாகத் தோன்றின.

இவற்றின் கைத்திறனை முதலிற் பாராட்டுதல் தகும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுவது. பத்து நொடிக் காட்சியொன்றிலே ஓர் உருவத்தைப் பின்னணியினின்றும் பிரித்தெடுப்பதென்றால் 240 சட்டகங்களில் அதன் விளிம்பை ஒழுங்குசெய்தல் வேண்டும். அதனை ஒழுங்காகச் செய்யாதவிடத்து முடியோரம் நடுங்கும்; நிழல் விழாத உருவம் தரையில் நில்லாது மிதக்கும். றொஜர் றபிட் படத்திலே ஆடும் விளக்கொன்றின் கீழ் முயலின் நிழலும் ஒளியும் சட்டகந்தோறும் மாறுமாறு வரையப்பட்டமையை அத்துறையினர் இன்றும் வியந்து பேசுவர். சுவைஞருட் சிலர் அத்தகைய கவனத்தை ஊதியமின்றியே செலுத்தியுள்ளனர்.

ஆயின் கைத்திறன் எதற்குப் பயன்பட்டது? எல்சா சிறுமியாயிருந்தபோது தங்கையோடு விளையாடுகையில், தன் பனியாற்றலே தங்கையைத் தாக்கிவிடுகின்றது. அன்றுமுதல் அவள் கையுறைக்குள்ளும் கதவுக்குப் பின்னாலும் மறைந்து வாழ்கின்றாள். ஜாக்கின் கதையோ இதற்கு நேரெதிர். உறைந்த குளத்திலே பனிக்கட்டி வெடிக்கத் தங்கை அஞ்சி நின்றபோது, அதனை ஒரு விளையாட்டாக்கி அவளைக் கரைப்பக்கம் இழுத்துக் காத்துத் தான் நீரில் மூழ்கியவன் அவன். பின்னர்ப் பனியின் தலைவனாய் எழுந்தும், நம்புவார் இன்மையால் முந்நூறு ஆண்டுகள் எவர் கண்ணுக்கும் புலப்படாது திரிகின்றான். ஒருத்தி விளையாட்டினாலே தங்கைக்கு ஊறுசெய்தவள். ஒருவன் விளையாட்டினாலே தங்கையைக் காத்தவன். ஒருத்தி பிறர் கண்ணிற் படுவதை அஞ்சுபவள். ஒருவன் பிறர் கண்ணிற் படாமையால் வாடுபவன். இரு வேறு படமனைகளிலே பிறந்த இரண்டு கதைகள் இவ்வளவு நுட்பமாக எதிர்நிற்பது அரிது. இவர்கள் சந்தித்தால் ஒருவர் மற்றவர்க்குச் சொல்லக்கூடியது எத்துணை உண்டு!

இச்செல்வத்தைப் பெரும்பாலான காணொளிகள் தொடவேயில்லை. அவை எடுத்துக்கொண்டன வெண்முடியும் பனியுமே. எல்சா திரும்பிப் பார்க்கின்றாள், ஜாக் புன்னகை புரிகின்றான், துயரப்பாட்டொன்று ஒலிக்கின்றது, பனி பெய்கின்றது. நிறமும் கருப்பொருளும் ஒத்தன, உரிப்பொருள் தவறிற்று. இதிலும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. 'ஃபிறோசன்' படத்தின் தனிச்சிறப்பு, உறைந்த நெஞ்சை உருக்கும் அன்பு காதலனின் முத்தமன்று, தங்கைக்கும் தமக்கைக்கும் இடைப்பட்ட அன்பு என்று காட்டியமையே. எல்சாவைக் காப்பதற்கு ஓர் ஆடவன் வந்தே தீரவேண்டும் என்று கலப்புப் படம் கூறும்போது, மூலப்படம் அரிதில் விடுத்த பழைய வழக்கத்தை மீண்டும் இழுத்துவந்து மாட்டிவிடுகின்றது. மூலத்தை விரும்புவோரே மூலத்தின் பொருளை அழித்தல் அவலம். எனினும் இக்கூட்டத்திலே காதற்பாட்டை விடுத்து, இரு தங்கையரின் காட்சிகளையும் இரு பனித்தரைகளையும் அருகருகே வைத்து இணைக்க முயன்ற ஆக்கங்களும் இல்லாமற் போகவில்லை. நீளத்தாற் சிறியவாயினும் நிலைக்கத் தக்கன அவையே.

இவ்விருவரில் ஜாக்கோடு, 'ராங்கில்ட்' படத்தின் றபன்செல், 'பிறேவ்' படத்தின் மெரிடா, 'ஹவ் ரு ட்றெயின் யுவர் ட்றகன்' படத்தின் ஹிக்கப் ஆகிய மூவரையும் சேர்த்து நால்வர் அணியாக்குவதும் 2012ஐ அடுத்துப் பரவிய வழக்கம். இங்கும் அதே வேறுபாட்டைக் காணலாம். நால்வரையும் நான்கு பருவங்களுக்குப் பொருத்துவதும், மந்திரப் பள்ளியொன்றிலே சேர்ப்பதும் எளிய அலங்காரம். மெரிடா தாயோடு முரண்படுபவள்; ஹிக்கப் தந்தையின் எதிர்பார்ப்புக்கு ஒவ்வாதவன்; றபன்செல் தாயென்று நம்பியவளாலே சிறைவைக்கப்பட்டவள். பெற்றோர் விரும்பும் பிள்ளையாய் இருப்பதா, தன் இயல்பின்படி வாழ்வதா என்னும் வினா மூவர் நெஞ்சிலும் உள்ளது. அதனைப் பற்றிக்கொண்ட படங்களிலே அணி உறவாகின்றது. பற்றாத படங்களிலே அது குழு நிழற்படமாய் நின்றுவிடுகின்றது.

மூன்றாம் வகையிலே பெரும்பாலன போர்ப் படங்கள். 2006ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த 'சூப்பர் மரியோ பிறதர்ஸ் செட்' என்னும் தொடர் இவ்வகையிற் பெயர்பெற்றது. மரியோ, சொனிக் ஆகிய விளையாட்டுப் பாத்திரங்களின் சிற்றுருவங்களைக் கொண்டு, 'ட்றகன் போல் செட்' தொடரின் பாணியில் அது போர்க்காட்சிகளை அமைத்தது. சில புள்ளிகளாலான உருவங்களைக் கொண்டு விரைவையும் பாரத்தையும் தோற்றுவித்த அதன் திறமை மெச்சத்தக்கது. ஆனால் அதனைப் பின்பற்றிய எண்ணிறந்த படங்கள் 'யார் வெல்வார்' என்னும் ஒரே வினாவிலே தங்கிவிட்டன. மரியோவின் இன்பம் தாண்டுதலில் உள்ளது. சொனிக்கின் இன்பம் ஓடுதலில் உள்ளது. எல்லாரையும் வலிமை என்னும் ஒரே தராசில் ஏற்றினால் எல்லாரும் ஒருவரே ஆவர். வீமனும் அநுமனும் மற்போர் செய்து யாரோ ஒருவர் வென்றிருந்தால் அக்கதையை நாம் மறந்திருப்போம்.

இங்கே இரண்டு தடைகள் எழலாம். மகிழ்ச்சிக்காகச் செய்வதை இவ்வளவு கடிந்து நோக்குதல் முறையோ என்பது ஒன்று. மகிழ்ச்சியை நாம் மறுக்கவில்லை. பத்துப் பாத்திரங்களைக் கண்ட மகிழ்ச்சியினும் இரண்டு பாத்திரங்களை அறிந்த மகிழ்ச்சி நீடிப்பது என்றே கூறுகின்றோம். பிறர் பொருளைக் கவர்ந்து செய்தவற்றிற்குத் திறனாய்வு எதற்கு என்பது மற்றொன்று. உரிமையாளரின் நியாயமான உரிமையை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் 2010ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வழங்கிய விதிவிலக்கொன்று, வாணிக நோக்கமற்ற காணொளிகளுக்காகத் திரைப்பட இறுவட்டுக்களின் சிறு பகுதிகளைப் பூட்டுத் திறந்து எடுப்பதற்கு இடமளித்தது. அப்பகுதிகள் விமரிசனத்திற்கோ கருத்துரைக்கோ பயன்படல் வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. எடுத்ததைக் கொண்டு புதிதாக ஒன்று சொல்லவேண்டும் என்னும் நிபந்தனை, சட்டத்திற்கும் கலைக்கும் இங்கே பொதுவாகிவிட்டது.

உரிமை நீங்கிவிட்டால் மட்டும் கலை பிறந்துவிடாது என்பதற்கும் சான்று உண்டு. மில்னின் 1926ஆம் ஆண்டு நூல் 2022இல் அமெரிக்காவிற் பொதுச்சொத்தாயிற்று. அடுத்த ஆண்டே அக்கரடியைக் கொலைகாரனாக்கிய திகிற்படம் ஒன்று திரைக்கு வந்தது. அதற்குச் சட்டம் தடையாகவில்லை. ஆனால் பூவின் இயல்பைப் பற்றி அது கூறியதும் ஒன்றுமில்லை. 2021ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்பேஸ் ஜாம்' இரண்டாம் படத்திலே வோனர் நிறுவனம் தனக்குரிய பாத்திரங்களையெல்லாம் விளையாட்டரங்கின் பார்வையாளராய்க் கொண்டுவந்து நிறுத்தியது. உரிமை முழுதும் இருந்தது. பொருள் பெருக இருந்தது. அவர்கள் அங்கு வந்ததற்குக் காரணம் மட்டும் இல்லை.

இவ்வாராய்ச்சியை இன்று அவசரமாக்குவது வேறொரு மாற்றம். ஒன்றிரண்டு வாக்கியங்களை எழுதிக்கொடுத்தவுடன் அசையும் காட்சியை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. 240 சட்டகங்களை இரவிருந்து வெட்டிய இளைஞனின் உழைப்பை இயந்திரம் சில நிமிடங்களிலே செய்கின்றது. அரிதிற் செய்தது என்பதற்காக இதுவரை நாம் பொறுத்துக்கொண்ட படங்களை இனிப் பொறுப்பதற்குக் காரணமில்லை. அவ்வுழைப்பினால் விளைந்த வேறொரு நன்மையும் இழக்கப்படலாம். ஒரு முகத்தை 240 முறை உற்றுநோக்கியவன், விரும்பியோ விரும்பாமலோ அம்முகத்தை அறிந்துகொண்டான். டைக்கொன் இளைஞர் வரைந்து வரைந்தே கலைஞராயினர். கேட்டவுடன் கிடைக்கும் காட்சி அவ்வறிவைத் தாராது. கை விட்ட பயிற்சியைக் கருத்தேனும் ஏற்றுக்கொள்ளாவிடின் எஞ்சுவது உருவங்களின் குவியலே.

ஆதலின் இத்தகைய படமொன்றைக் காணும்போதும் ஆக்கும்போதும் மாணவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. இப்பாத்திரத்தின் உயிராய் நிற்பது யாது? மற்றப் பாத்திரத்தின் முன்னிலையில் அது விளங்குகின்றதா, மழுங்குகின்றதா? சந்திப்பை நீக்கிவிட்டால் இழப்பு ஏதும் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடுபவன் மூலக்கதைகள் இரண்டையும் மீண்டும் கூர்ந்து படிக்கவேண்டியவனாகின்றான்; அதுவே இலக்கியக் கல்வியின் தொடக்கம். வகுப்பறையிலே காப்பியப் பாத்திரங்களை ஒப்புநோக்கும் பயிற்சியை அளிக்கும் ஆசிரியரும், எல்சாவையும் ஜாக்கையும் எதிர்நிறுத்தி ஒரு பாடம் நடத்துவாராயின், மாணவர் விரும்பிப் பார்ப்பதற்கும் விரும்பாமற் படிப்பதற்கும் இடையேயுள்ள சுவர் சிறிது தாழும்.